சம்மட்டியும் 24 ஜியோஃபோன்களும்: ஆறு ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் அடித்தளத்துக்கும் சாலைப் பணிக்கும் மண் ஆய்வு செய்துவரும் நான், மேற்பரப்பு அலைக் கருவியொன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். 8 கிலோ சம்மட்டியால் இரும்புத் தகட்டில் அடிக்கும்போது எழுந்து நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் ரேலே அலைகளில், நீளமானவை ஆழத்து மண்ணையும் குறுகியவை மேல்மண்ணையும் உணர்ந்து செல்வதால் அதிர்வெண்ணுக்கேற்ப வேகம் மாறுகிறது. அதைக் கொண்டு ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் குறுக்கலை வேகத்தைக் கணக்கிடுகிறோம். நில அதிர்வை உணரும் ஜியோஃபோன்களை 1 மீட்டர் இடைவெளியில் பதித்தால் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழம் வரை நம்பலாம். அதற்குக் கீழே மென்பொருள் தீட்டித் தரும் வண்ணங்களை நான் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

இக்கருவியின் அருமையை எனக்கு உணர்த்தியவை இப்பகுதியின் குண்டுப்பாறைகளே. விரிசல்களின் வழியே நீர் இறங்கி நைஸ் பாறையின் ஓரங்களை மொரம்பாக, அதாவது சரளை மண்ணாக, ஆக்கிவிட, நடுவிலுள்ள கெட்டிப்பகுதி மட்டும் உருண்டையாகத் தங்கிவிடுகிறது. துளைக்குழாய் அதன்மீது முட்டி நின்றால், பாறை வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஓர் இடத்தில் 4 மீட்டரில் அவ்வாறு எழுதியிருந்தார்கள். அலை வேகமோ 8 மீட்டர் வரை நொடிக்கு 300 மீட்டரைத் தாண்டவில்லை; அது மண்ணுக்குரிய வேகம், கெட்டிப்பாறைக்குரியதல்ல. இடத்துக்காரர் முகம் சுளித்தாலும், 3 மீட்டர் தள்ளி மறுதுளை போட வைத்தேன். 8 மீட்டருக்குக் கீழேதான் பாறை கிடைத்தது.

அதற்காகத் துளையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கிடைப்பது ஜியோஃபோன் வரிசை முழுவதற்குமான சராசரி என்பதால் தனியொரு குண்டுப்பாறை அதில் தெரியாது. கிடைமட்ட அடுக்குகளென்று கருதியே கணக்கிடுவதால், பாறை சரிந்திறங்கும் மலையடிவாரங்களில் விடை பிசகும். ஒரு துளையாவது இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய இடங்களில் லாரி இரைச்சலுக்குப் பயந்து முதலில் இரவில் வேலை செய்தேன். சம்மட்டியால் எழுப்ப முடியாத தாழ்ந்த அதிர்வெண்கள் அந்த லாரிகளிடமிருந்தே கிடைக்கின்றன என்று அறிந்தபின், நீளமான வரிசையில் அவற்றையும் பதிவு செய்கிறேன்.

தார்ச்சாலையில்தான் ஏமாந்தேன். 10 சென்டிமீட்டர் தார் அடுக்கைப் பிரித்தறிய ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் தேவை, 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன்கள் அதற்கு உதவா. முடுக்கமானிகளும் சிறு சுத்தியலும் தனியே வாங்க நேர்ந்தது. கெட்டியான அடுக்கு மேலேயும் மென்மையானது கீழேயும் இருப்பதால் ஒரே அதிர்வெண்ணில் வெவ்வேறு வேகத்தில் செல்லும் பல அலைமுறைகள் கலந்து வருவது வேறு தொல்லை. தவிர, வெயிலில் தார் இளகுவதால், ஒரே புள்ளியில் காலை 7 மணிக்கு எடுத்த வேக அளவு பிற்பகலில் குறைந்துவிடுகிறது; இப்போதெல்லாம் தாரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்ட பிறகே சுத்தியலை எடுக்கிறேன்.