மண்டப விழாவா, மாதிரிக் குப்பிகளா?

யாழ்ப்பாணத்தில் புது மேக்கப் வரிசையை அளவான காசோடு இறக்குகிறீர்களா? மண்டபத்தில் அறிமுக விழா வைத்தால் வாடகை, சோடனை, சாப்பாடு என்று எல்லாம் ஒரே மாலையில் போய்விடும். படங்கள் மிஞ்சும்.

மணப்பெண் அலங்காரம் செய்பவர்களுக்கு மாதிரி கொடுத்தால் காசு மெல்லத்தான் போகும். வியர்வையில் பவுண்டேஷன் வழிகிறதா, நம் மாநிறத்தில் சாம்பல் பூத்த மாதிரித் தெரிகிறதா என்று ஒரே கலியாணத்தில் தெரிந்துவிடும். எந்த நிறம் முதலில் தீர்கிறதோ, அடுத்த முறை அதைக் கூடுதலாக எடுக்கலாம். விழாவில் இது கிடைக்காது. நான் மாதிரியின் பக்கம்தான்.

ஆடியில் கலியாணம் குறைவு. அப்போதே கொடுத்துப் பழக்கினால் ஆவணி முகூர்த்தங்களுக்கு அவர்கள் கை பழகியிருக்கும். விழாவும் வேண்டுமென்றால், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா முடிந்த பிறகு, சிறிதாக.