மியூனிக்கில் ஐந்து நாள், மூன்று பயர்ன் டிக்கெட்

போன டிசம்பரில் அம்மா, அப்பா, தம்பி மூவரும் காரைக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். ஜெர்மனியில், மெயின்ஸில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, என் கணவரையும் சேர்த்து ஐந்து பேராக மியூனிக்குக்குக் கிளம்பினோம். பனியில் கார் ஓட்டிப் பழக்கமில்லை என்பதால் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பயர்ன் டிக்கெட்டில்தான், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் ரயில் டிக்கெட்டில்தான் போய் வந்தோம். பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே வரும், தனியாகப் போகிறவருக்குத்தான் சற்றுக் கை கடிக்கும். பவேரியா முழுக்க ஓடும் வட்டார ரயில்கள், மியூனிக், நியூரம்பெர்க் நகரங்களின் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களில் மட்டும் ஏறக்கூடாது. ஜெர்மனியில் வசிக்கும் நம்மிடம் நாடு முழுக்க வட்டார ரயில், பஸ்ஸில் செல்லும் மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் இது தேவையே இல்லை, ஆனால் நாலு நாளைக்காக ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மாதச் சந்தா போட்டு, அதை 10ஆம் தேதிக்குள் மறக்காமல் ரத்து செய்து என்று அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், அதிலிருந்து மறுநாள் விடிகாலை 3 மணி வரை. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். கோடையில் இது பெரிய விஷயமே இல்லை. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஒன்பது மணிக்குமேல் கிளம்பி இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேர வெளிச்சம்தான். அதனால் வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சனி ஞாயிறுக்கும், இருட்டினால் அழகாகிற இடத்தை வார நாளுக்கும் வையுங்கள். எங்கள் பயணம் நன்றாக அமைந்ததே இந்த ஒரு கணக்கால்தான்.

வெள்ளிக்கிழமை நியூரம்பெர்க். வட்டார ரயிலிலேயே ஒன்றேமுக்கால் மணி நேரம்தான். பன்னிரண்டு மணிக்கு முன்னால் சந்தைச் சதுக்கத்துக்குப் போய்விட்டதால், ஃப்ராவன்கிர்ஹே தேவாலயத்தின் கடிகாரத்தில் ஏழு பொம்மைகள் பேரரசரைச் சுற்றி வருவதைப் பார்த்தோம். அப்பா அண்ணாந்து பார்த்தபடி குல்லா விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றார். இருட்டிய பிறகு அங்கே நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையில், சிவப்பு வெள்ளைப் பட்டைத் துணி போட்ட கடைகளில் விளக்கு ஏற்றியதும் கூட்டம் நெருக்கித் தள்ளியது. வெள்ளிக்கிழமைக்கே இவ்வளவு என்றால் சனிக்கிழமை அம்மாவால் தாங்கியிருக்க முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடையும் ஆப்பிள் கூழும் கிடைக்கும், சுட்ட செஸ்நட் கிடைக்கும், ஒயின் வேண்டாம் என்றால் கிண்டர்பன்ஷ் என்று சூடான பழச்சாறு உண்டு. கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். அம்மா கொடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே நடந்தார், இப்போது காரைக்குடியில் அதில்தான் காபி குடிக்கிறார்.

தம்பி இன்னும் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வருகிறேன் என்றான். முடியாது. ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட், எல்லோரும் சேர்ந்தேதான் பயணம் செய்ய வேண்டும், பெயர்களும் அதில் எழுதியிருக்கும், பரிசோதகர் அடையாள அட்டை கேட்பார். ஆளுக்கொரு பக்கம் போகும் குடும்பம் என்றால் இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. விடியும் முன் கிளம்பி ஃபியூசன் வரை இரண்டு மணி நேர ரயில், அங்கிருந்து கோட்டை அடிவாரத்துக்குப் பஸ், அதற்கும் இதே டிக்கெட்தான். கோட்டை நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருப்பார்கள், இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் கோட்டை மூடியிருக்கும், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்றம் அரை மணி நேரத்துக்கு மேல். அம்மாவுக்கு மூட்டு வலி, குதிரை வண்டியில் ஏற்றினோம், அதுவும் கோட்டை வாசல் வரை போவதில்லை, கடைசிக் கொஞ்ச தூரம் உறைந்த பாதையில் நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். கோட்டையை எதிரிலிருந்து பார்க்கும் மரியன் பாலத்தைப் பனி காரணமாக அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே சுற்றிக் காட்டுவது அரை மணி நேரம்தான், படம் எடுக்க விடமாட்டார்கள். இருந்தாலும் ஜன்னல் வழியே வெள்ளையாகக் கிடந்த மலையும் ஏரியும் அந்த ஏற்றத்துக்குத் தகும்.

திரும்பும்போது பனியால் எங்கள் ரயில் ரத்தானது, ஒரு மணி நேரத்துக்குமேல் நடைமேடையில் நின்றோம். என்ன நடக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை, வயதானவர்களோடு நிற்கும்போது அது கோபம்தான் வரவழைத்தது. டிக்கெட் எந்த ரயிலோடும் கட்டுப்பட்டதில்லை, அடுத்து வந்ததில் ஏறிவிட்டோம். பிளாஸ்க்கில் சுக்குக் காபியும் டப்பாவில் புளியோதரையும் இருந்ததால் தாக்குப் பிடித்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஞாயிறு மியூனிக்கிலேயே. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பால், ரொட்டியெல்லாம் சனி இரவே வாங்கிவிடுங்கள்.

திங்கள் சால்ஸ்பர்க். ஊர் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அங்கே உள்ள ரயில் நிலையம் வரை டிக்கெட் செல்லும், ஊருக்குள் ஓடும் பஸ்ஸுக்குச் செல்லாது. கோட்டைக்கு இழுவை ரயில் இருப்பதால் அம்மா சிரமமில்லாமல் ஏறினார். பேராலயச் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தை ஜனவரி 1 வரை நடக்கும், மியூனிக்கிலும் நியூரம்பெர்க்கிலும் 24ஆம் தேதியோடு முடிந்துவிடும். மாதக் கடைசியில் வருகிறவர்கள் இங்கே வாருங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். திரும்பும் வழியில் எல்லையில் ரயிலை நிறுத்திப் போலீஸ் சோதித்தார்கள். அப்பா நாலைந்து சட்டைக்கு உள்ளே, பனியன் பையிலிருந்து அதை எடுப்பதற்குள் அந்த இளம் போலீஸ்காரர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டே நின்றார்.