ஏசி போட்டா ட்ரிப்பர் விழுதா? பாளை தெற்கு பஜார் வைண்டிங் கடை அண்ணாச்சியப் பத்தி ஒரு ரிவ்யூ

கத்திரி ஆரம்பிச்ச ரெண்டாவது நாள்லருந்து எங்க வீட்ல ராத்திரி ஆனா ஒரே கூத்துதான். ஒம்போதரைக்கு ஏசிய போட்டு கதவ அடைச்சிட்டு படுத்தா பத்தே கால் வாக்குல மாடிப்படிக்கு கீழ இருக்க டிபி பாக்ஸ்ல (வீட்டுக்குள்ள கரண்ட பிரிச்சு விடுற ஸ்விட்ச் பெட்டி) டப்புன்னு ஒரு சத்தம், ஏசி அவ்ளோதான். எந்திரிச்சு போயி எம்சிபி லீவர (ட்ரிப்பர்னு சொல்லுவோம்ல, அதேதான்) தூக்கிவிட்டா நிக்காது, சவம் திரும்பக் கீழ விழும். பத்து நிமிஷம் கொசுக்கடில அங்கனயே நின்னுட்டு அப்புறம் தூக்குனா ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும், மறுபடி ஒரு முக்கா மணி நேரம் ஓடும், மறுபடி டப்பு. கே.டி.சி. நகர்ல மொட்டை மாடி வீட்ல மே மாசம் ஏசி இல்லாம படுக்கதுன்னா என்னன்னு இங்கன இருக்கவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ராத்திரி பன்னெண்டு மணிக்கும் செவுரு சுடும்.

ஏசி 2015ல வாங்குனது, ஒன்றரை டன், இன்வெர்ட்டர்லாம் கிடையாது சாதா ஸ்பிளிட்டுதான். இத்தன வருசம் ஒரு தொந்தரவு குடுத்ததில்ல.

மொதல்ல போன்லயே புக் பண்ணி ஒரு சர்வீஸ்காரங்கள வரச்சொன்னேன், பேரு வேண்டாம், விடுங்க. ரெண்டு பசங்க, நல்ல யூனிபார்ம், காலைல பதினொரு மணிக்கு டான்னு வந்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் ஏசிய ஓட்டிப் பாத்தாங்க, விழல. பகல்ல அஞ்சு நிமிஷத்துல எப்படி விழும்? நான் சொன்னேன், தம்பி இது ராத்திரில முக்கா மணி நேரம் கழிச்சுதான் விழுதுன்னு, அதெல்லாம் காதுல வாங்குன மாதிரியே தெரியல. கேஸ் கம்மியா இருக்கு சார்னு ஒருத்தன், எம்சிபி சின்னது சார் 16 ஆம்பியர்தான் போட்டிருக்காங்க ஏசிக்கு 32 போடணும்னு இன்னொருத்தன். கேஸுக்கு 2,800, எம்சிபிக்கு 450, வந்ததுக்கு 350, மொத்தம் 3,600. போன்லயே ரேட்டிங் போடச்சொல்லி பக்கத்துல நின்னாங்க, நானும் அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன், இப்ப அத நெனச்சா எரிச்சலா வருது.

மூணு ராத்திரி நல்லா தூங்குனோம், விழவே இல்ல. நாலாவது நாள் ராத்திரி அம்மா அடுக்களைய ஒதுங்க வச்சிட்டு வந்து, அடுத்த வீட்ல இந்நேரத்துல கருவாடு சுடுதாவ போலருக்குன்னு மூக்கப் பொத்துதா. அடுத்த வீட்டுக்காரவ முட்டை கூட சாப்பிடாதவங்க. நானும் மோந்து பாத்தேன், கருவாடேதான், அப்படியே அசல் நெத்திலி. ஜன்னல எல்லாம் அடைச்சும் போகல, ஏன்னா நாத்தம் உள்ளருந்துதான் வருது. மோந்து மோந்து போனா கடைசில மாடிப்படிக்கு கீழதான் வந்து நிக்கேன். டிபி பாக்ஸ் மூடில கை வச்சேன், இட்லி கொப்பரை மூடி மாதிரி சுடுது. மெயின ஆஃப் பண்ணிட்டு அன்னைக்கு எல்லாரும் மாடில பாயப் போட்டுப் படுத்தோம்.

வயர் மேல இருக்க பிளாஸ்டிக், சுவிட்ச் பேக்லைட்டு எல்லாம் சூடேறி வேகும்போது மீன் நாத்தம் அடிக்குமாம், பின்னாடி அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்க வீட்ல யாரும் மீன் வாங்காத அன்னைக்கு மீன் நாத்தம் அடிச்சா மொதல்ல ஸ்விட்ச் போர்டப் பாருங்க, அத மட்டுமாவது மனசுல வச்சுக்கிடுங்க.

சரி, கடைக்கு வாரேன். முருகன்குறிச்சி தாண்டி தெற்கு பஜார் பக்கமா போனா ஒரு சின்ன வைண்டிங் கடை, வெளிய பத்து பன்னெண்டு மோட்டார் வயித்தப் பொளந்து கெடக்கும், உள்ள வார்னிஷ் நாத்தம் மூக்கத் தொளைக்கும். தோட்டத்து மோட்டார், கிரைண்டர் மோட்டார், ஃபேன் காயில், கூடவே ஏசி வேலையும். பேரு போடலாம்னுதான் நெனச்சேன், அண்ணாச்சியே வேண்டாம்னுட்டாரு, இப்பமே போன் எடுக்க முடியல தம்பின்னு. தெரிஞ்சவங்க அடையாளத்த வச்சு கண்டுபிடிச்சுக்கிடுங்க.

போயி நின்னு விசயத்த சொன்னேன். ஏசி என்ன கம்பெனின்னு அவரு கேக்கவே இல்ல. எப்ப விழுதுன்னாரு. போட்ட ஒடனேயா, வெளிய கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆவும்போதா, இல்ல ஓடி ஓடி அப்புறமா? விழுந்த ஒடனே தூக்குனா நிக்கா இல்லியா? மழை பெஞ்சா விழுதா? விழுகது ஏசி எம்சிபியா, வீடு மொத்தத்துக்கும் இருக்க, கரண்ட் ஒழுகுனா தள்ளிவிடுற ஆர்சிசிபியா? டாக்டருகிட்ட போன மாதிரி இருந்துச்சு, அதுவும் பழைய காலத்து டாக்டரு, ஸ்கேன் எழுதிக் குடுக்கதுக்கு முன்னாடி நாக்க நீட்டச்சொல்லுவாவல்ல அந்த மாதிரி.

அவரு சொன்னத எனக்குப் புரிஞ்ச அளவுக்கு சொல்லுதேன். எம்சிபிக்குள்ள ரெண்டு ஏற்பாடு இருக்கு. ஒரு காயில் இருக்கு, ஷார்ட் ஆச்சுன்னா கண்ணு இமைக்க முன்னாடி தள்ளிவிட்டுரும். இன்னொண்ணு ரெண்டு உலோகம் ஒட்டுன ஒரு தகடு, கரண்ட் கூடுதலா போச்சுன்னா பைய சூடேறி வளைஞ்சு, அப்புறமாதான் தள்ளும். ஸ்விட்சப் போட்ட ஒடனே டமார்னு விழுந்தா ஷார்ட்டு, வயரோ கம்ப்ரஸர் வைண்டிங்கோ போயிருக்கலாம். உள்ள ஃபேன் ஓடி வெளிய கம்ப்ரஸர் ம்ம்ம்முனு முக்கிட்டு விழுந்தா கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆவ தள்ளிவிடுற கெப்பாசிட்டர் வீக்கு, இல்லன்னா கம்ப்ரஸரே ஜாம். உங்களுக்கு முக்கா மணி நேரம் ஆவுது, தூக்குனா ஒடனே நிக்க மாட்டேங்கு, ஆறுன அப்புறம் நிக்கி, அப்ப அந்தத் தகடுதான் சூடாவுது, சூடு எங்கருந்து வருதுன்னு பாக்கணும் தம்பி, அதுக்கு நான் ராத்திரிதான் வரணும், பகல்ல வந்தா நோய் தெரியாதுன்னாரு. இந்த ஒரு வார்த்தைக்கே நான் காசு குடுத்துருப்பேன்.

நாளைக்கு வாரேன்னவரு ரெண்டு நாள் கழிச்சுதான் வந்தாரு, அது வேற கதை, இந்த ரெண்டு நாளும் போன் எடுக்கல.

வந்தது ராத்திரி ஒம்போது மணி. ஏசிய ஓடவிட்டு நாற்காலியப் போட்டு ஒக்காந்துட்டாரு. அம்மா காப்பி குடுத்தா. நாங்குநேரி பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் மூணு தடவ எரிஞ்ச கதைய இருபது நிமிஷம் சொன்னாரு, நடுநடுவுல எந்திரிச்சு போயி கரண்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர வயர்ல மாட்டிப் பாப்பாரு. 10.4, அப்புறம் 11, அப்புறம் 11.6 ஆம்பியர். இந்த ஏசி எட்டு ஆம்பியர் கிட்டதான் இழுக்கணுமாம். வோல்டேஜ் 196. தெருவுல எல்லாரும் ஏசிய போட்டுருக்க நேரம், வோல்டேஜ் எறங்கும், எறங்குனா இந்த மாதிரி பழைய கம்ப்ரஸர் கரண்ட கூட இழுக்கும்.

பெறவு மெயின ஆஃப் பண்ணிட்டு டிபியத் தொறந்தாரு. டார்ச்ச என் கைல குடுத்து, தம்பி இங்க பாருன்னாரு. 32 எம்சிபியோட கீழ் ஓட்டைல போற வயரு, சிகப்பு வயரு, கடைசி ரெண்டு இஞ்சு கருப்பா வெந்து ஒடையுது. உருவி எடுத்தா, வீடு கட்டும்போது வயரிங் பண்ண புண்ணியவான் கம்பி இழை முழுசும் ஓட்டைக்குள்ள நுழையலன்னு பாதி இழைய கட்டர வச்சு நறுக்கிட்டு மிச்சத்த மட்டும் சொருகியிருக்காரு. யூனிபார்ம் தம்பிங்க அந்தக் கம்பிய சீவாம அப்படியே புது எம்சிபில சொருகி, ஸ்க்ரூவ வயர் தோலு மேல வச்சு முறுக்கியிருக்காங்க. செம்பத் தொட்டது நாலஞ்சு இழை மட்டும். பன்னெண்டு ஆம்பியரும் அந்த நாலு இழை வழியா போனா வேகாம என்ன செய்யும்?

பழைய 16 எம்சிபி விழுந்துகிட்டு இருந்ததுக்கு இதுதான் பெரிய காரணம். வயரு நுழையுற வாய்ல லூஸ் கனெக்‌ஷன், அந்தச் சூடு உள்ள இருக்க தகட்டுக்கு ஏறுது, போதாததுக்கு டிபி இருக்கது மேக்க பாத்த செவுரு, சாயங்கால வெயில் முழுக்க அதுலதான். அது பாட்டுக்கு ஒழுங்கா விழுந்து சொல்லிக்கிட்டு இருந்துருக்கு, நாங்க அத மாத்திப்போட்டு வாய அடைச்சிட்டோம். 32ன்னு எழுதியிருக்க எம்சிபி 36 ஆம்பியர் வரைக்கும் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு விழாதாம், அப்படித்தான் ஸ்டாண்டர்டே. செவுத்துக்குள்ள போற வயரு ரெண்டரை ஸ்கொயர் எம்எம் கனம்தான், அது அந்த அளவு தாங்காது. அப்ப எம்சிபிக்கு முன்னாடி வயருதான் ஃப்யூஸ் மாதிரி போவும்னாரு. எம்சிபி ஏசியக் காப்பாத்துறதுக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன், அது வயரக் காப்பாத்துறதுக்காம்.

வெந்தத வெட்டி எறிஞ்சு, நல்ல செம்பு வரைக்கும் சீவி, இழை எல்லாத்தையும் முறுக்கி லக் (கம்பி நுனில மாட்டுற உலோக முனை) போட்டு அழுத்தி, பழையபடி 16 எம்சிபியே போட்டாரு. எட்டு ஆம்பியருக்கு 32 எதுக்குல தம்பின்னு சிரிப்பு வேற. எங்க வீடு மூணு பேஸ், ஆனா ஃப்ரிட்ஜு, தண்ணி மோட்டாரு, ஏசி மூணும் ஒரே பேஸ்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இன்னொரு பேஸ்ல 214 வோல்ட் வந்துச்சு, ஏசிய அதுக்கு மாத்திவிட்டாரு. ஸ்டெபிலைசர் வாங்கணுமான்னு கேட்டேன், இப்ப வேண்டாம், இதுவும் 190க்கு கீழ போனா பாப்போம்னாரு. விக்கதுக்கு கடைல ரெண்டு ஸ்டெபிலைசர் வச்சிருந்தும் சொல்லல பாத்துக்கிடுங்க.

மறுநாள் காலைல ஏழு மணிக்கே அவுட்டோர (கம்ப்ரஸர் இருக்க வெளிப்பெட்டி) பாக்க வந்துட்டாரு. இங்கதான் எனக்கு மானமே போச்சு. காக்கா எச்சம் விழுதுன்னு எங்க அம்மா ரெண்டு வருசம் முன்னாடி தங்கச்சி கல்யாணத்து ஃப்ளெக்ஸ் பேனர மடிச்சு அவுட்டோர் மேல போத்தி கயித்தால கட்டியிருக்கா, பின்பக்கமும் சைடும் மறைஞ்சு போயி, மாப்பிள்ளையும் பொண்ணும் கம்ப்ரஸர் மேல கைகூப்பிட்டு நிக்காங்க. அண்ணாச்சி ஒரு நிமிஷம் பாத்துட்டு, கல்யாண வீட்டு ஆளுங்கள கொஞ்சம் எறக்குங்க அக்கான்னாரு. அம்மாவுக்கு வெக்கம் தாங்கல. பேனர எடுத்தா பின்னாடி தகட்டுல தூசியும் பஞ்சும் மெத்த கணக்கா அப்பி கெடக்கு. காத்து போவ வழியில்லன்னா சூடு வெளியேறாது, பிரஷர் ஏறும், கம்ப்ரஸர் முக்கும், ஆம்பியர் கூடும். பம்பு வச்சு அடிச்சு கழுவிட்டு கேஸ் பிரஷர் பாக்குற கேஜ் மாட்டுனா 85 பி.எஸ்.ஐ.ல நிக்கி முள்ளு. இந்த ஏசில இருக்க ஆர் 22 கேஸுக்கு 65, 70 கிட்ட போதும். கம்மியா இருக்குன்னு 2,800 வாங்குனாங்கல்ல, அது தேவைக்கு மேல அடைச்ச கேஸ், அதுவும் ஆம்பியர ஏத்தும். கொஞ்சம் எறக்குனாரு. திரும்ப மீட்டர் மாட்டுனா 7.9. பகல்ல வோல்டேஜ் 225 இருக்கு, அதனாலயும் கொறைஞ்சிருக்கும், ராத்திரி எட்டர வரைக்கும் போவும் பயப்படாதன்னு அவரே சொல்லிட்டாரு.

இன்னொண்ணும் சொன்னாரு, கரண்ட் போயி வந்தா மூணு நிமிஷமாவது விட்டு ஏசிய போடணுமாம், உள்ள பிரஷர் சமமாவுறதுக்கு முன்னாடி போட்டா கம்ப்ரஸர் சுத்த முடியாம நின்னுட்டு கரண்ட கன்னாபின்னான்னு இழுக்கும்.

நான் சொன்னதக் கேட்டு எதுத்த வீட்டு சாரும் அவரக் கூப்பிட்டாரு. அங்க கதையே வேற, விழுகது ஆர்சிசிபி. அது லோடு பாக்காது, போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா இருக்கான்னு மட்டும் பாக்கும், 30 மில்லி ஆம்பியர் எங்கயாவது ஒழுகுனா தட்டிவிட்டுரும். கோடை மழை பெஞ்ச மறுநாள் மட்டும் விழுமாம். அவுட்டோருக்குப் போற வயர்ல மாடில ஒரு ஜாயிண்டு, டேப்பு பிரிஞ்சு அதுல தண்ணி எறங்கியிருக்கு. அந்த வீட்ல ஒருத்தரு ஆர்சிசிபியவே கழட்டிருவோம்னு யோசன சொன்னாராம். உசுரக் காப்பாத்துறதயே கழட்டுறதான்னு அண்ணாச்சி கத்துன கத்து எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு.

காசு: ரெண்டு தடவ வந்ததுக்கு 800, எம்சிபி 220, லக்கு 30, ஆக 1,050. பில்லு கெடையாது, சிகரெட் அட்டை பின்னாடி எழுதிக் குடுத்தாரு. ஜிபே கெடையாது, கைல காசுதான். வாரண்டின்னு கேட்டா நான் எங்க போயிருவேன்னு திருப்பிக் கேக்காரு. அவுட்டோர் கழுவுன அழுக்குத் தண்ணி வெள்ளைச் செவுத்துல ஒழுகி கோடு கோடா நிக்கி, அதத் தொடைக்கவும் இல்ல, டிபி மூடில ஒரு ஸ்க்ரூவ மாட்டாமலே போயிட்டாரு. சொன்ன நேரத்துக்கு வாரது அவரு ஜாதகத்துலயே கெடையாது. அதுக்காக ஒரு ஸ்டார் கொறைக்கேன், அஞ்சுக்கு நாலு. வேலைக்கு மட்டும்னா அஞ்சுக்கு ஆறு போடலாம்.

இருபத்தி மூணு நாள் ஆச்சு, ஒரு தடவ கூட விழல. டிபி மூடிய தினம் படுக்க முன்னாடி தொட்டுப் பாக்கேன், பச்சத்தண்ணியா இருக்கு. போறவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, காலைல எல்லாம் தோட்டத்து வேலைக்குப் போயிருவாரு. போன் அடிச்சு நேரத்த வீணாக்காதீங்க. முடிஞ்சா எத்தன மணிக்குப் போட்டீங்க எத்தன மணிக்கு விழுந்துச்சுன்னு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, ஏசி கம்பெனி பேர விட அதத்தான் மொதல்ல கேப்பாரு.