நகைத் திருட்டு: புரிந்து படிக்க நாடகமா, சிறுகதையா?

வாசிப்புப் புரிதலுக்குப் பயிற்சி கொடுக்கத் துப்பறியும் கதை மாதிரி வசதியான சரக்கு வேறில்லை. அதிலும் நகைத் திருட்டு இன்னும் தோது. ரத்தம் வேண்டாம், பிணம் வேண்டாம். பொருள் சின்னது, எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம், வீட்டிலிருக்கிற அத்தனை பேர் மீதும் சந்தேகம் விழும். அதைச் சிறுகதையாகக் கொடுப்பதா, நாடகமாகக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. நான் நடத்தும் வாசிப்பு வகுப்பில் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டு நாடகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூட்டமாக, வாய்விட்டுப் படிக்க நாடகம். தனியாக, மௌனமாகப் படிக்கக் கதை. வர்ணனையும் சொல்வளமும் வேண்டுமென்றால் கதைதான், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

என்னை நாடகத்தின் பக்கம் இழுத்தது ஒரே ஒரு விஷயம்: நாடகத்தில் கதைசொல்லி கிடையாது. சிறுகதையில் ‘டாக்டர் தடுமாறியபடி பதில் சொன்னார்’ என்று ஒரு வரி வந்தால் போதும், பிள்ளைகள் பாதி வேலையை அந்த வரியிடமே விட்டுவிடுவார்கள். தடுமாறினாரா, சரி, இவர்தான் திருடர். நாடகத்தில் அப்படிக் கைகாட்ட ஆள் இல்லை. அங்கே இருப்பது இரண்டே வகை எழுத்து: வசனம், அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக் குறிப்பு. வசனம் பேசுகிறவர் பொய் சொல்லலாம். மேடைக் குறிப்பு நடிகருக்கும் இயக்குநருக்கும் எழுதியது, அதற்குப் பொய் சொல்லக் காரணமே இல்லை. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிள்ளை அதன் பிறகு எதைப் படித்தாலும் ‘இதைச் சொல்வது யார்?’ என்று ஒரு தரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

பயிற்சிக்காக நானே எழுதிய நாடகத்திலிருந்து ஓர் இடம். முதல் காட்சியில் விளக்கு அணைகிறது, வைர அட்டிகை காணாமல் போகிறது. அப்புறம் இந்தக் குறிப்பு:

(விளக்கு எரிகிறது. பெட்டி திறந்து கிடக்கிறது. மருமகள் வாசற்படியில். டாக்டர் ஜன்னலோரம் நிற்கிறார்.)

இரண்டாம் காட்சியில் துப்பறிவாளர் விசாரிக்கிறார்.

“விளக்கு அணைந்தபோது எங்கே இருந்தீர்கள், டாக்டர்?”

“இதே நாற்காலியில்தான். விளக்கு வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.”

இதற்கு ‘டாக்டர் எங்கே இருந்தார்?’ என்று கேள்வி போட்டால், ‘நாற்காலியில்’ என்று பதில் வரும். வரியைப் பார்த்து எழுதியதுதான், அதில் புரிதல் இல்லை. அதையே இரண்டாகப் பிரித்தேன்: டாக்டர் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்? அதை மறுக்கும் வரி நாடகத்தில் எங்கே இருக்கிறது? இப்போது முன்பக்கத்துக்குப் போயே ஆக வேண்டும். பத்து வயதுக் குழந்தைகளின் வாசிப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் அளக்கும் ‘பிர்ல்ஸ்’ தேர்வு, புரிதலை நான்கு படியாக வைத்திருக்கிறது: உள்ளதை எடுப்பது, எளிய ஊகம், இணைத்துப் பொருள் கொள்வது, மதிப்பிடுவது. டாக்டரின் அந்த ஒரு பொய்யை வைத்தே நான்கு படியும் ஏறிவிடலாம். நான்காவதுதான் சுவாரசியம்: பொய் சொன்னார் என்பதால் அவர்தான் திருடர் என்று ஆகிவிடுமா? ஆகாது. என் நாடகத்தில் அவர் ஜன்னலுக்குப் போனது வேறு காரணத்துக்காக. பொய்யையும் குற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். பெரியவர்களும் மாட்டுகிறார்கள் என்பது வேறு கதை.

சிறுகதையில் இதைச் செய்யவே முடியாதா என்றால், முடியும், கதைசொல்லியின் வாயைக் கட்டிப்போட வேண்டும். ஆர்தர் கானன் டாயில் 1921இல் ‘தி கிரவுன் டைமண்ட்’ என்ற வைரத் திருட்டு நாடகத்தை மேடையேற்றினார். அதே ஆண்டில் அதைத் திருத்தி ‘தி மசாரின் ஸ்டோன்’ என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதையாக வெளியிட்டார். வழக்கமாகக் கதை சொல்லும் வாட்சன் இதில் சொல்வதில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அறையில் நடக்கிறது, பெரும்பகுதி பேச்சிலேயே நகர்கிறது. நாடகத்தின் தழும்பு அப்படியே தெரிகிறது. ஹோம்ஸ் ரசிகர்கள் இதைச் சுமாரான கதை என்பார்கள். எனக்கும் அப்படித்தான், ஆனால் பயிற்சிக்கு எடுத்தால் வாட்சன் சொல்லும் கதைகளைவிட இது நன்றாக வேலை செய்யும்.

நாடகத்தின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் பக்கத்திலேயே ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக வரும், யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றும். பட்டியலைப் பலகையில் எழுதி வைத்தால் தீரும். இன்னொன்று அவ்வளவு சுலபமாகத் தீராது: பாத்திரம் பிரித்துக் கொடுத்ததும் ஒவ்வொருவரும் தன் வசனம் எப்போது வரும் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், மற்றவர் பேசுவது காதில் ஏறாது. அடைப்புக்குறியை யாரும் படிக்காமல் தாண்டிவிடுவார்கள், துப்பு இருப்பதோ அங்கேதான். ஆகவே முதல் சுற்று எல்லோருக்கும் மௌன வாசிப்பு. வாய்விட்டுப் படிக்கும்போது மேடைக் குறிப்புக்கென்றே தனியாக ஒருவர், காட்சிக்குக் காட்சி பாத்திரம் மாற்றம். ஓரளவு சரியாகிறது, முழுக்க இல்லை.

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் நான் அதிகம் முயன்றதில்லை. கொஞ்சம் பார்த்தவரை, பெயரும் வசனமும் பிரிந்து நிற்கும் அமைப்பே அவர்களைத் தடுக்கிறது என்று தோன்றியது, அவர்களுக்குக் கதைதான் மேல் என்று நினைக்கிறேன். வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கும் அப்படியே.

கையில் சிறுகதை மட்டும்தான் இருக்கிறது என்றால், விசாரணை வரும் ஒரு பக்கத்தை எடுத்து, ‘பதற்றத்துடன்’, ‘கண்களைத் தாழ்த்தியபடி’ வகையறாவை எல்லாம் அடித்துவிட்டுப் பேச்சை மட்டும் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள். அடித்த சொற்களைப் பிள்ளைகளே அடைப்புக்குறிக்குள் நிரப்பட்டும். ‘திருடியது யார்?’ என்ற கேள்வியைக் கடைசிவரை கேட்க வேண்டாம். அதற்குக் குருட்டாம்போக்கில் விடை சொல்லிவிடலாம். எந்த வரியில் சந்தேகம் ஒருவரை விட்டு இன்னொருவருக்கு மாறியது என்று கேட்டால் வரியைக் காட்டித்தான் ஆக வேண்டும்.