சினிமாப் பாட்டா, சரளி வரிசையா, ப்ளூஸா: கிதாரில் எது எந்த விரலைத் திருத்தும்?

கும்பகோணத்தில் கிதார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். ஜி, ஈ மைனர், சி, டி என்று நாலு கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) கைக்கு வந்ததுமே சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்துவிட்டேன். பாடியவர் கடைசி நிமிடத்தில் சுருதியை அரைக்கட்டை ஏற்றினார். சுருதி ஏற்றக் கிதார் கழுத்தில் மாட்டும் கிளிப்பான கேப்போ வீட்டில். ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் பார் கார்டு பிடிக்க வராது. பாட்டு முடியும்வரை கிதார் பெட்டியில் தாளம் தட்டினேன். சினிமாப் பாட்டு வலது கைக்குத் தாளத்தைத் தரும், சபைக்கூச்சத்தையும் போக்கும். இடது கை மட்டும் நாலு வடிவத்தோடு நின்றுவிடும்.

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை இதற்கு நேர் எதிர். மாயாமாளவகௌளை ராகத்தில் ஸட்ஜத்தை ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) வைத்துப் பாருங்கள். ரிஷபம் ஒட்டினாற்போல் அடுத்த ஃபிரெட்டில். காந்தாரத்துக்கு நாலாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட், பஞ்சமம் அதே கம்பியில் ஐந்தாவது. அது சுண்டுவிரலின் வேலை. தைவதத்துக்கு ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பியின் முதல் ஃபிரெட்டுக்கு எட்டிப் போகவேண்டும். இதையே மூன்று காலத்திலும் வாசித்தால் தூங்கிக்கிடந்த சுண்டுவிரல் முழித்துக்கொள்ளும். ஆனால் சுரத்தை அசைத்து இழுக்கும் கமகத்தில் முட்டும். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் (வீணையின் ஃபிரெட்டுகள்) மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் கம்பியை நன்றாக இழுக்கலாம். ஸ்டீல் கம்பி கிதாரில் ஒரு முழு சுரம் இழுப்பதற்குள் விரல்நுனி எரியும்.

அந்த இழுப்புக்கு ப்ளூஸ்தான் சரியான பயிற்சி. அதன் ஐந்து சுரம் நமக்கு சுத்த தன்யாசி ராகம். கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்குப் புதிதில்லை. இழுத்த சுரம் கொஞ்சம் குறைந்தாலும் காதே காட்டிக்கொடுத்துவிடும். 12 பார் (தாள அளவு) கொண்ட வட்டம் திரும்பத் திரும்ப வருவதால் தாளமும் நிற்கும். என்ன, ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்போம்.

மேற்கத்திய கிளாசிக்கல் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் தனித்தனி ஆளாக்கும். நொட்டேஷன் (எழுதிய சுரக்குறிப்பு) படிக்கப் பொறுமை வேண்டும். இன்னொரு லாபம்: ஐப்பசி அடைமழையில் ஸ்டீல் கம்பி கருத்துவிடும், பழைய வேட்டித் துணியால் தினமும் துடைக்கவேண்டும். கிளாசிக்கல் கிதாரின் மெல்லிய நைலான் கம்பிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்றால் நான் இவை எதையும் சொல்லமாட்டேன், நொட்டுஸ்வரம் என்பேன். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேனாட்டுப் பாட்டு மெட்டுகளுக்குச் சங்கராபரண ராகத்தில் சம்ஸ்கிருத சாகித்யம் எழுதியவை அவை. கிதாருக்கு எளிய பாடங்கள் எழுதிய இத்தாலியர் கருல்லியும் (1770–1841) அதே காலத்தவர்தான். கமகம் இல்லாத நேர் சுரங்கள். சி-யில் வாசித்தால் ஷார்ப்பும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. கட்டைவிரலால் கீழே ஸட்ஜம் பஞ்சமம் போட்டுக்கொண்டு மேலே மெட்டை வாசித்தால் கிளாசிக்கல் கையும் பழகிவிடும்.

தை மாதம் இன்னொரு கல்யாணம் வருகிறது. கேப்போவை இப்போதே பையில் போட்டுவிட்டேன்.