குழந்தைகளுக்கான மொழி மதிப்பீடு: கோவை மையம் ஒன்றின் சேவை

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனுக்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு (வேறு வெளிப்படையான காரணமின்றி மொழியைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் நீடிக்கும் சிரமம்) இருக்குமோ என்ற ஐயத்தில், கோவையிலுள்ள தனியார் பேச்சு, மொழி சிகிச்சை மையம் ஒன்றில் மதிப்பீடு செய்துகொண்டோம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

செவித்திறன் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் மொழிச் சோதனையைத் தொடங்க அவர்கள் மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது. பையனுக்கு உச்சரிப்பு சுத்தம். அதனாலேயே பள்ளியில் "கவனம் போதாது" என்று முடித்துவிட்டார்கள். சிகிச்சையாளர் அதோடு நிற்காமல் இரண்டு படங்களை முன்னே வைத்தார். "நாய் பூனையைத் துரத்தியது" என்றதும் சரியான படத்தைத் தொட்டவன், "நாயைப் பூனை துரத்தியது" என்றபோதும் அதே படத்தையே தொட்டான். வேற்றுமை உருபைக் கவனிக்காமல், எந்தச் சொல் முதலில் வருகிறதோ அதையே எழுவாயாகக் கொள்கிறான் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை புலப்படவில்லை. "மழை பெய்ததால் பாட்டி கடைக்குப் போகவில்லை" என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, "மழை பெஞ்சுது, பாட்டி கடை போச்சு" என்றான்.

குறைபாடு உறுதியானபின் சிகிச்சையாளர் விளக்கம் சொன்ன விதமும் நன்று. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளி தொடங்கும் வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, வேறு காரணம் எதுவும் தெரியாத மொழிக் குறைபாட்டை ஏறத்தாழ 7.5 சதவீதத்தினரிடம் கண்டது. அப்படியிருந்தும் ஆட்டிசம் அறியப்பட்ட அளவுக்கு இது அறியப்படவில்லை. இரண்டு மொழிகள் பழகுவதால் இக்குறைபாடு வராது, ஆகவே வீட்டில் தமிழை விடவேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னதில் தங்கைக்குப் பெரிய நிம்மதி. (ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று அறிவுரை சொல்லாத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை.)

அறிக்கைதான் ஏமாற்றம். அமெரிக்கக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய ஆங்கிலச் சோதனையின் மதிப்பெண்களே பக்கங்களை நிரப்புகின்றன. பள்ளியில் மட்டும் ஆங்கிலம் கேட்கும் குழந்தைக்கு அந்த எண்கள் எதைக் காட்டும்? நோயறிதலுக்கு உண்மையில் அடிப்படையாக இருந்த தமிழ் அவதானிப்புகளோ ஒரே பத்தியில் அடங்கிவிட்டன. வகுப்பாசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதும் நாங்கள் கேட்ட பிறகே தனிக் கடிதமாக வந்தது. செய்யவேண்டியவற்றைச் சிறு வாக்கியங்களாகப் பிரித்துச் சொல்வது, பதிலுக்குச் சற்றுக் காத்திருப்பது என அதில் இருந்தவை அனைத்தும் உடனே நடைமுறைப்படுத்தக்கூடியவை.

நான்கு வயதுக்குட்பட்ட, தாமதமாகப் பேசத் தொடங்கிய குழந்தைகளுக்குக் குறைபாடு என்று அவசரமாக முத்திரை குத்தாமல் சில மாதங்கள் தொடர்ந்து கவனிப்பதாகவும் கூறினார்கள். அவர்களில் பலர் தாமாகவே தேறிவிடுவதால் அது நியாயமே. இங்கே செல்வோர், மதிப்பிடுபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, குழந்தையின் வீட்டுமொழி அறிந்தவரா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது; அங்குள்ள எல்லோருக்கும் தமிழ் தெரியாது.