தறிக்குடோனில் நான்கு வருட ஸ்டோயிக் பழக்கம்: எது நின்றது, எதை விட்டேன்

சோமனூர்ப் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு விசைத்தறிகள். பாவும் (நீளவாக்கு இழை) ஊடை நூலும் (குறுக்கு இழை) வியாபாரி தருவார். காடாத் துணியாக (சாயம் போடாத, வெளுக்காத துணி) நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைத்துவிட்டார். எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. பகலில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். அப்போது கல்லூரியில் படிக்கும் மகள், எபிக்டீடஸின் 'கையேடு' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஸ்டோயிக் என்கிற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபின் ஆசிரியர் அவர். "சின்னப் புஸ்தகம்தானுங்கப்பா, படிச்சுப் பாருங்க" என்றாள்.

சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை என்றுதான் அது ஆரம்பிக்கிறது. நம் எண்ணம், விருப்பு வெறுப்பு, முயற்சி எல்லாம் நம்முடையவை. உடம்பு, சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் மூடி வைத்திருப்பேன். எபிக்டீடஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். சொந்த உடம்பே தனக்குச் சொந்தமில்லாமல் வாழ்ந்த மனிதர் சொல்கிறார் என்றபோது கேட்கத் தோன்றியது. இந்த மரபைத் தொடங்கிய ஜீனோ ஒரு வியாபாரி; ஊதாச் சாயச் சரக்கோடு போன கப்பல் மூழ்கிப்போய் ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தவர் என்று பழைய வரலாறு சொல்கிறது. அவர் பாடம் நடத்திய தூண் தாழ்வாரத்தின் பெயர் ஸ்டோயா, அதிலிருந்துதான் ஸ்டோயிக். சரக்கு போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் போட்ட அஸ்திவாரம் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பிடிப்பு உண்டு.

நான்கு வருடத்தில் ஒரு நாளும் வீண் என்று தோன்றாத பழக்கம் ராத்திரிக் கணக்கு. இதே மரபைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செனகா கோபத்தைப் பற்றி எழுதியதில் இது வருகிறது. விளக்கை அணைத்து, பழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்றைய நாள் முழுவதையும் திரும்ப ஓட்டிப் பார்ப்பாராம். இன்றைக்கு எந்தக் கெட்ட பழக்கத்தைச் சரிசெய்தாய், எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய், எதில் தேறியிருக்கிறாய் என்று கேட்டுக்கொள்ளும் முறையைச் செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து எடுத்ததாகச் சொல்கிறார். நான் மீட்டர் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். முதல் ஒரு மாதத்தைப் புரட்டியபோது பாதிப் பக்கங்களில் ஒரே ஆள். எங்களிடம் தறி ஓட்டுகிற அண்ணன். பாவு இழை அறுந்தால் அவர் பார்த்து நிறுத்துவதற்குள் நான் கத்தியிருக்கிறேன். தறிச் சத்தத்தில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம், அதனால் அது திட்டாகவே எனக்குத் தெரிந்ததில்லை. எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்கிறார் செனகா. அதைத் தறிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன். இழை அறுந்தால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், அப்புறம் நானே முடிச்சுப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் சொல்ல வந்ததில் முக்கால்வாசி தேவையில்லாமல் போய்விடும். ஆறு மாதம் கழித்து அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவராகவே பழுதைச் சொல்ல ஆரம்பித்தார். அதுவரை மறைத்திருக்கிறார், என் வாய்க்குப் பயந்து.

காலையில், இன்றைக்கு என்னென்ன கெடலாம் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் பயிற்சி எனக்குச் சரிவரவில்லை. பயந்த சுபாவக்காரர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் கவலைதான் கூடியது. இப்போது 'பணம் வராவிட்டால் இன்றைக்கு என்ன செய்வேன்' என்று ஒரே ஒரு வரி எழுதுகிறேன், அது போதுமாக இருக்கிறது. வேண்டுமென்றே சில நாள் எளிய சாப்பாடு, முரட்டுத் துணி என்று இருந்து பார்க்கச் செனகா சொல்வதை, பழநிக்கு நடந்து போகிற ஊர்க்காரனுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையை முத்தமிடும்போது இதுவும் சாகக்கூடிய உயிர் என்று சொல்லிக்கொள் என்று எபிக்டீடஸ் சொல்கிறாரே, அதை இரண்டு தடவை முயன்றேன். என்னால் முடியாது. முயலவும் போவதில்லை.

அதிகம் யோசிக்க வைத்தது கூலிப் பிரச்சினை. வியாபாரிகளிடம் கூலி உயர்வு கேட்டு எங்களைப் போன்ற தறிக்காரர்கள் தறிகளை நிறுத்தியபோது, "நம்ம கையில் இல்லாததுக்கு எதுக்குப் போராட்டம்?" என்று நானே சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன். ஸ்டோயிக்காக இருப்பதாக நினைப்பு! அப்புறம்தான் ரோமானிய எழுத்தாளர் சிசரோ பதிந்து வைத்திருக்கும், ஸ்டோயிக்குகளுடைய வில்லாளி உவமையைப் படித்தேன். குறிபார்த்து எய்வதற்கு வேண்டிய அத்தனையும் செய்வது வில்லாளியின் வேலை. அம்பு போய்த் தைப்பது அவன் கையில் இல்லை. கூலி எவ்வளவு தீர்மானமாகும் என்பது என் கையில் இல்லாமல் இருக்கலாம். கூட்டத்துக்குப் போவதும், மீட்டருக்கு என்ன செலவாகிறது என்று கணக்கெடுத்துக் கொடுப்பதும் என் கையில்தானே இருந்தது? அடுத்த கூட்டத்திலிருந்து போகிறேன். ஸ்டோயிக் என்றால் வாயை மூடிப் பொறுத்துக்கொள்வது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டோயிக் குறிப்புகள் எழுதிய மார்கஸ் அரேலியஸ், கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசராக ஆட்சி செய்தவர். கொள்ளைநோயும் வடக்கு எல்லைப் போரும் நடந்த காலம் அது. அந்தக் குறிப்புகளை எழுதியவர் வேலையை விட்டு ஒதுங்கியவர் அல்ல.

இரண்டாம் வருடம் அப்பா இறந்தார். நான் அழவில்லை. பழக்கம் கைகொடுக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. மூன்றாம் நாள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அழுதுரு சாமி, அப்பாவுக்குத்தானே அழுகறே" என்றாள். உடைந்துபோனேன். அதற்கு வெகுநாள் கழித்துச் செனகாவின் 63ஆவது கடிதத்துக்கு வந்தேன். நண்பன் செரீனஸ் இறந்தபோது தான் அளவுமீறி அழுததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்கள் வறண்டும் இருக்க வேண்டாம், பெருகியும் ஓட வேண்டாம் என்கிறார் அதே கடிதத்தில். முதலிலேயே படித்திருந்தால் அந்த மூன்று நாளை அப்படிக் கழித்திருக்க மாட்டேன்.

கோவையை ஒட்டிய வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. செனகா வாலிபராக இருந்தது டைபீரியஸ் ஆட்சியில். அவர் கையில் புழங்கிய மாதிரிக் காசு நம் மண்ணுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தால், அவர் அவ்வளவு அந்நியமாகத் தெரிவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையேட்டையே முதலில் எடுங்கள், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். மார்கஸ் குறிப்புகள் அவர் தனக்காக எழுதிக்கொண்டவை, அதனால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்; தோன்றியபோது ஒரு பக்கம் புரட்டினால் போதும். செனகாவின் கடிதங்கள் 124. ராத்திரிக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். நான் இரண்டாம் சுற்றில் இருக்கிறேன்.